ரூத் பிரவுனை அட்லாண்டிக் வாழவைத்ததா, வஞ்சித்ததா?

கறுப்புத்தட்டு:
"அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ரூத் பிரவுனைக் கைதூக்கி விட்டதே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம்தான்" என்று நேற்று இங்கே 'வரவுசெலவு' என்ற நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யார் யாரைத் தூக்கிவிட்டது? 1950-இல் வந்த 'டியர்டிராப்ஸ் ஃபிரம் மை ஐஸ்' பாட்டு, கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் இசைக்கான பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. அட்லாண்டிக்கையே 'ரூத் கட்டிய வீடு' என்றார்கள். (பேஸ்பால் வீரர் பேப் ரூத்தை வைத்து நியூயார்க் மைதானம் ஒன்றுக்கு இருந்த பட்டப்பெயர் அது; இவருக்கும் ஒட்டிக்கொண்டது.) அந்த வீட்டைக் கட்டியவர் 1960-களில் பிறர் வீட்டைத் துடைத்தார், பள்ளி பஸ் ஓட்டினார். இசைத்தட்டு விற்ற காசு எங்கே போயிற்று?

வரவுசெலவு:
நண்பரே, கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள். 1948-இல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் பாடப் போகும் வழியில், பென்சில்வேனியாவின் செஸ்டர் அருகே கார் விபத்து. கால்கள் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கை. அதுவரை அவர் ஒரு தட்டுகூடப் பதிவு செய்ததில்லை. அவருடைய மருத்துவச் செலவை ஏற்றது அட்லாண்டிக். 1949 ஜனவரி 12, அவருக்கு 21 வயது நிறைந்த நாளில், அட்லாண்டிக்கை நிறுவியவர்களில் ஒருவரான அகமது எர்டிகன் ஒப்பந்தத்தை மருத்துவமனைக் கட்டிலுக்கே கொண்டுபோனார். கூடவே சுரம் படிக்கக் கற்றுத்தரும் புத்தகமும் சுருதிக் குழலும். வஞ்சிக்க நினைப்பவன் இப்படியா செய்வான்?

கறுப்புத்தட்டு:
நன்றாகவே செய்வான். தூண்டிலில் புழு கோத்தவனை மீனுக்குச் சோறு போட்டவன் என்பீர்களோ!

ஊசிமுனை:
இருவரும் தட்டைக் கேட்காமலே வழக்காடுகிறீர்கள். 1953-இல் வந்த 'மாமா, ஹீ டிரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' பாட்டைப் போடுங்கள். முதலில் டாம்பரின் என்ற சலங்கை கட்டிய சிறு கைப்பறை சலசலக்கும். பிறகு 'மாமா' (ஆங்கிலத்தில் அம்மா) என்ற சொல்லின் நுனியில் குரல் சட்டென்று மேலே கீச்சிட்டு உடையும். வேறொருவர் பாடினால் பிசிறு என்போம். இவரிடம் அது முத்திரை. முதலில் அவருக்கே பிடிக்காத பாட்டு இது என்பதுதான் வேடிக்கை. தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய தந்தைக்குத் தெரியாமல் சொந்த ஊரான வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தில் ஒளிந்து ஒளிந்து பாடிய பெண். அந்தக் குரலை ஒலிப்பதிவு அறையில் யாரும் இழைத்து வழவழப்பாக்கவில்லை. அந்தப் புண்ணியம் மட்டும் அட்லாண்டிக்குக்கு உண்டு.

வரவுசெலவு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்குச் சேரும் பங்கு, விஷயத்தில் அன்று எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வழக்கம்தான்: ஒலிப்பதிவுச் செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் பாடகர் பெயரில் பற்று எழுதப்படும், அது தீர்ந்த பிறகே வரவு.

கறுப்புத்தட்டு:
தீரவே தீராத பற்று! பாடகர் கைக்கு அந்தப் பேரேடு போகவே போகாது. பழைய பாட்டுகளை மறுபடி மறுபடி தொகுப்பாக விற்றபோதும் அவர் கணக்கில் கடன்தான் நின்றது. ஹோவெல் பெகிள் என்ற வழக்கறிஞர் ஆண்டுக்கணக்கில் மோதிய பிறகுதான் அட்லாண்டிக் இறங்கிவந்தது. 1988-இல் பழைய பாடகர்களுக்காக ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை அமைந்தபோது அட்லாண்டிக் கொடுத்தது 15 லட்சம் டாலர். கணக்கு சுத்தமாக இருந்திருந்தால் அந்தப் பணம் எதற்கு?

வரவுசெலவு:
கொடுத்தார்களா இல்லையா? கடைசிவரை கொடுக்காமலே கதவைச் சாத்திய நிறுவனங்கள் எத்தனை!

கறுப்புத்தட்டு:
நாற்பது ஆண்டு கழித்து, அதுவும் வழக்கறிஞர் வந்து கதவைத் தட்டிய பிறகு.

ஊசிமுனை:
இன்னொரு நட்டத்தை இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. 1954-இல் ரூத் பிரவுன் 'ஓ வாட் எ டிரீம்' பாடினார். அதே ஆண்டில் வெள்ளையரான பேட்டி பேஜ் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார். பெரிய சந்தையான பாப் இசைப் பட்டியலுக்குப் போனது பேட்டி பேஜின் தட்டு. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவீர்கள்?

வரவுசெலவு:
அந்த ஒன்றை அட்லாண்டிக் தலையில் கட்ட முடியாது என்று ஒப்புக்கொள்வீர்களா, கறுப்புத்தட்டு?

கறுப்புத்தட்டு:
அந்த ஒன்றை மட்டும்.