போதலேரின் கவிதையில் 'தங்கையே' என்ற விளி: தமிழில் எப்படி வைப்பது?

குறுக்குத்துறை வாசகி:
மூன்று வருஷமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் 'தீமையின் மலர்கள்' (1857) தொகுப்பில் உள்ள 'பயணத்துக்கு அழைப்பு' கவிதையைத் தமிழாக்கி வருகிறேன். காதலியை ஒரு கனவு நாட்டுக்குக் கூப்பிடுகிறான். ஈரம் படிந்த சூரியன், வருஷக்கணக்கில் மெருகேறிய மரச்சாமான்கள், கால்வாயில் தூங்கும் கப்பல்கள். சாயங்காலம் குறுக்குத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பேன். அவ்வளவு பிடிக்கும்.

சிக்கல் முதல் வரியிலேயே. 'என் குழந்தையே, என் தங்கையே' என்றுதான் அழைக்கிறான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தங்கச்சியையா கூட்டிட்டுப் போறான்?" என்றாள். 'கண்ணே, அன்பே' என்று மாற்றினால் அந்தப் பரிவு போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டைத் தம்பி:
மாற்றாதீங்க அக்கா. பைபிளில் உன்னதப்பாட்டு நாலாம் அதிகாரத்தில் 'என் சகோதரியே! என் மணவாளியே!' என்று வருகிறதே. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான், எனக்கு உறுத்தவே இல்லை. 'தங்கை' வீட்டுச் சொல். 'சகோதரி' என்று வைத்துப் பாருங்கள்.

மேலகரத்து அண்ணாச்சி:
தம்பி சொல்வது சரி. ஆனால் எனக்குச் சொல்லைவிட ஓசைதான் கவலை. மூலத்தில் ஐந்தசை வரி இரண்டு, அப்புறம் ஏழசை வரி ஒன்று. குட்டை வரிகள் இரண்டும் தங்களுக்குள் இயைபு (வரிக்கடைசி ஓசை ஒத்துப்போவது), நீள வரி அடுத்த நீள வரியோடு இயைபு. தொட்டில் ஆடுகிற மாதிரி போகும். இதை உரைநடையாக விரித்தால் செத்துப்போகும். நம்ம சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தில் துண்டு துண்டாக இயைபு போட்டு ஓட்டுகிறாரே, அந்த நடையைக் காதில் ஏற்றிக்கொண்டு எழுதும்மா.

இன்னொன்று. அவன் கூப்பிடும் 'அங்கே' என்பதைக் குற்றாலம் ஆக்கிவிடாதே. 1841இல், இருபது வயசில், போதலேரை வளர்ப்புத் தகப்பனார் கல்கத்தா கப்பலில் ஏற்றிவிட்டார். அவரோ ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிற ரெயூனியன் தீவோடு திரும்பிவிட்டார். நம் கடல் பக்கம் வராமலே போனவர். கவிதையில் கப்பல்கள் உலகத்தின் கோடியிலிருந்து வருகின்றன. அந்த நாட்டுக்கோ கடைசிவரை பெயர் கிடையாது. அப்படியே விட்டுவிடு.

குறுக்குத்துறை வாசகி:
ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன், அண்ணாச்சி.

சின்னக் குழந்தாய், சோதரி,
என்ன இனிமை, எண்ணடி,
அங்கே போய்நாம் சேர்ந்தே வாழும் வாழ்விலே

அம்மா இந்தத் தடவை தங்கச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. "அது எந்த ஊரு?" என்று கேட்டாள். இப்போது பல்லவியின் கடைசிச் சொல்லில் நிற்கிறேன். புலன்களில் ஊறும் இன்பத்தைச் சொல்கிற 'வொலுப்தே'க்குச் 'சுகம்' போதுமா?