போட்லியன் நூலகம் கைவிட்ட முதல் ஃபோலியோ: தங்கள் பிரதிதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சுவடிக்கட்டு (கேள்வி):
ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பான முதல் ஃபோலியோ (1623) ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்து, வெளியே போய், 1906-இல் திரும்பியது என்கிறார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தை ஏன் விட்டார்கள்? இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்தது அதே பிரதிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? எங்கள் கல்லூரி நூலகத்தின் பழைய நூல்களைப் பட்டியலிடுகிறோம். அந்த முறை இங்கே உதவுமா என்று பார்க்கிறேன்.

மைக்கூடு:
திருட்டு இல்லை, விற்பனைதான். 1610-இல் லண்டன் அச்சாளர் சங்கத்தோடு நூலகத்தை நிறுவிய தாமஸ் போட்லி ஒப்பந்தம் போட்டார். அங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி நூலகத்துக்கு வர வேண்டும். நாடகங்களை அவர் குப்பையாகத்தான் மதித்தார். அவர் 1613-இல் இறந்துபோனார், ஃபோலியோ பிறகு வந்தது.

1635-இல் வந்த கேட்லாக் இணைப்பில் அது இருக்கிறது. 1674 கேட்லாக்கில் மூன்றாம் பதிப்பு மட்டும்தான் இருக்கிறது. இடையில், 1664-இல், 'தேவைக்கு மிஞ்சிய' நூல்களை 24 பவுண்டுக்கு விற்றார்கள். அந்தக் கட்டோடு போயிருக்கும் என்பதே பொதுவான கருத்து. புதிய பதிப்பில் கூடுதல் நாடகங்கள் இருந்தன. பழையதை எதற்கு வைத்திருப்பது? முதல் பதிப்புக்குத் தனி மதிப்பு என்ற எண்ணமே அன்று இல்லை.

தோலட்டை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அச்சாளர் சங்கத்திலிருந்து புத்தகம் தைக்காத தாள்களாகவே வரும். நூலகம்தான் ஊர் பைண்டருக்கு அனுப்பும். அனுப்பியதைப் பதிவேட்டில் எழுதும். ஃபோலியோ 1624 பிப்ரவரி 17-இல் வில்லியம் வைல்ட்கூஸ் என்பவரிடம் போனதற்குப் பதிவு இருக்கிறது.

1905-இல் கிளாட்வின் டர்பட் என்ற மாணவர், தம் குடும்பப் பிரதியின் அட்டையை என்ன செய்யலாம் என்று கேட்கக் கொண்டுவந்தார். நூலக ஊழியர் ஸ்டிரிக்லண்ட் கிப்சன் கண்ணில் பட்டது கன்றுத்தோல் பைண்டிங். பைண்டர்கள் அட்டையின் உட்புறம் ஒட்டுவதற்கு, பயன்படாமல் கிடக்கும் பழைய அச்சுத்தாள்களை எடுப்பது வழக்கம். இதில் ஒட்டியிருந்த தாள், அதே சமயத்தில் அதே பைண்டர் கட்டிய பிற நூல்களோடு ஒத்துப்போனது.

அடுத்தது சங்கிலித் தடம். அன்று பெரிய நூல்களைத் திருடு போகாதபடி அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து, முதுகு உள்ளேயும் திறக்கும் பக்கம் வெளியேயும் இருக்கும்படி அடுக்குவார்கள். இல்லாவிட்டால் சங்கிலி சிக்கிக்கொள்ளும். அதனால் கொக்கியை முன்னட்டையின் வெளி ஓரத்தில் அறைவார்கள். கொக்கி போனாலும் தடம் நிற்கும்.

பக்கங்களும் பேசுகின்றன: மிக அதிகமாகத் தேய்ந்திருப்பது 'ரோமியோ ஜூலியட்' மாடக் காட்சிப் பகுதி. நாற்பது ஆண்டு மாணவர் கைபட்டதன் பலன்! அமெரிக்க நூல் சேகரிப்பாளர் ஹென்றி ஃபோல்ஜர் டர்பட் குடும்பத்துக்கு 3,000 பவுண்டு தருவதாகச் சொல்ல, நூலகம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதே விலைக்கு மீட்டது.

சுவடிக்கட்டு:
நன்றி. எங்களிடம் அட்டை பிய்ந்த நூல்கள் நிறைய. மொத்தமாகப் புது பைண்டிங் போட ஏற்பாடாகிறது. நிறுத்தச் சொல்லவா?

தோலட்டை:
உடனே நிறுத்துங்கள். டர்பட் குடும்பம் இடையில் புது அட்டை போட்டிருந்தால் மேலே சொன்னதில் பாதி ஆதாரம் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். போட்லியன் இன்றும் அதை மறுபைண்டிங் செய்யவில்லை.

எந்த நூலைத் தொடும் முன்பும் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, இரண்டு அட்டைகளின் உட்புறம், தாள் விளிம்பு மூன்று பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து. விளிம்பை வெட்டிச் சமப்படுத்த பைண்டரை விடவே கூடாது. பழைய எண்ணும் தலைப்பும் அங்கேதான் மையில் எழுதியிருக்கும். அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். செல்லோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும்.

மைக்கூடு:
இரண்டு சேர்க்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அழுந்திய தடம் தெரியும். அழித்த பெயரும் முத்திரையும் சிலசமயம் புறஊதா விளக்கில் தெரியும், பழைய இரும்பு மை அதில் கறுப்பாகத் தோன்றும். நீண்ட நேரம் காட்டாதீர்கள், தாளுக்குக் கேடு.

முக்கியமாக, ஆக்சஷன் ரெஜிஸ்டரோடு (நூல் வரவுப் பதிவேடு) 'கழிக்கப்பட்டவை' கோப்பையும் தேடி எடுங்கள். பல நூலகங்களில் முதலில் தூக்கி எறியப்படுவது அந்தக் கோப்புதான்.