ஏழு வயதுப் பையனுக்காகப் பள்ளி போலீசைக் கூப்பிட்டது சரியா?

இரண்டாம் வகுப்பு அம்மா:

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் ஆகும் என்று இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு ஏழு வயது. போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில் பள்ளியிலிருந்து போன். "உடனே வாங்க, போலீஸ் வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அலுவலக அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கால் தரையைத் தொடவில்லை, ஒரு காலில் ஷூ இல்லை. எதிரே சீருடையில் இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் அழக்கூட இல்லை. "அம்மா, நீயும் என்கூட வரலாமான்னு கேளு" என்றான். ஜெயிலுக்குப் போகிறோம் என்று முடிவே பண்ணிவிட்டான்.

நடந்தது இதுதான். ஓவிய வகுப்பு முடிந்து தாள்களை வாங்கியிருக்கிறார்கள். இவன் இன்னும் முடிக்கவில்லை என்று தர மறுத்திருக்கிறான், இழுத்ததில் தாள் கிழிந்துவிட்டது. அப்புறம் பென்சில் பெட்டியை வீசி, நாற்காலியைத் தள்ளி, பிடிக்க வந்த டீச்சரின் முழங்காலில் உதைத்துவிட்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டிருக்கிறான். உதைத்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. டீச்சரின் கால் வீங்கியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன், மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் எனக்குச் சொல்வதற்கு முன்னாலேயே போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்து நிமிட தூரத்தில்தான் வேலை பார்க்கிறேன். கேட்டதற்கு, "ஒரு பயம் இருக்கட்டும் என்றுதான்" என்கிறார் தலைமையாசிரியர். பயம் வந்துவிட்டது. ராத்திரி படுக்கையை நனைக்கிறான், அந்தப் பழக்கம் நின்று மூன்று வருஷம் ஆகிறது. சீருடை போட்ட காவலாளியைப் பார்த்தாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

பள்ளி செய்தது சரிதானா? அவன் பெயரில் ஏதாவது பதிவாகுமா? பள்ளியை மாற்றலாமா, பேசிப் பார்க்கலாமா?

கரும்பலகை:

பதினெட்டு வருஷமாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதலில் டீச்சர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது பிள்ளைகளும் ஒரே ஒரு பெரியவரும் இருக்கிற அறையில் ஒரு நாற்காலி பறந்தால் வயிறு கலங்கிவிடும். நம் கை பட்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கு நம்மீது புகார் வரும், கை வைக்காமல் விட்டு இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டாலும் நம்மைத்தான் கேட்பார்கள். இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பல பள்ளிகளில் யாரும் சொல்லித் தருவதே இல்லை. பக்கத்து அறையிலிருந்து உதவிக்கு வர ஆளும் இருக்காது.

அப்படியும் இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்காகவும் நான் போலீசைக் கூப்பிட்டதில்லை. நான் செய்வது ஒன்றுதான். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவேன், கோபத்தில் இருக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போகமாட்டேன். கதவருகில், அதை மறிக்காமல், தரையில் உட்கார்ந்துவிடுவேன். பேசமாட்டேன். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் இருபது நிமிஷம் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் புத்தகம் விழுந்ததும் என் மடியில் வந்து படுத்துத் தூங்கிவிட்டாள். அன்று காலையில் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும், அதை இங்கே எழுத முடியாது.

உங்கள் டீச்சர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "பயம் இருக்கட்டும்" என்று தலைமையாசிரியர் சொன்னது இருக்கிறதே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வார்த்தையை விடாமல் கேளுங்கள்.

மழைக்காலம்:

நான் எதிர்ப்பக்கம். என் மகளுக்கு ஆறு வயதில் கன்னத்தில் தழும்பு இருக்கிறது, கூடப் படித்த பையன் எறிந்த தண்ணீர் பாட்டில் பட்டு வந்தது. அதற்கு முன்னால் அவன் நான்கு பேரை அடித்திருந்தான். ஒவ்வொரு தடவையும் "சின்னப் பிள்ளைதானே, பேசிக்கொள்கிறோம்" என்றே சொன்னார்கள், யாரும் பேசிய மாதிரி தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் மனசைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், அடிபட்ட பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று வாசலில் நின்று அழுததை யார் பார்த்தார்கள்? போலீஸ் வந்திருந்தால் ஒரு எழுத்தாவது பதிவாகியிருக்கும், பள்ளியும் அசைந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது.

பழைய காக்கி:

காவல்துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். எத்தனை வயதிலிருந்து ஒரு பிள்ளைமீது குற்றம் சுமத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றமே ஆகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வது என்ன என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இல்லையென்றால் அதுவும் குற்றமாகாது. இது 1860 தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. 2016 சிறார் நீதி விதிகளின்படி, மிகக் கொடிய குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லாவிட்டால் பிள்ளைமீது முதல் தகவல் அறிக்கை போடக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது, லாக்கப்பில் வைக்கவே கூடாது. இங்கிலாந்தில் குற்றம் சுமத்தும் வயது 10. ஸ்காட்லாந்தில் 8 ஆக இருந்ததை 2019 சட்டத்தில் 12 ஆக்கினார்கள். குறைந்தது 14 ஆகவாவது வையுங்கள் என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு அதே 2019-இல் எல்லா நாடுகளுக்கும் சொன்னது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் அந்த நிலையத்துக்கு நேரில் போய் என்ன எழுதினார்கள் என்று கேட்டு நகல் வாங்கிவிடுங்கள். பள்ளி என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. போலீஸ்காரனுக்குக் கற்றுக்கொடுத்த வேலை வேறு. கட்டளை போடுவோம், கேட்கவில்லை என்றால் பிடிப்போம், பிடித்தால் கட்டுவோம். மேசைக்கடியில் இருக்கிற பிள்ளைக்குக் கட்டளை ஏறாது, அப்போது கையில் இருக்கிற அடுத்த கருவியைத்தான் எடுப்போம். 2014-இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பள்ளி ஒன்றில் எட்டு வயதுப் பையனின் மணிக்கட்டு விலங்கில் நிற்காது என்று முழங்கைக்கு மேலே மாட்டினார்கள், முதுகுப் பக்கமாக. அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று. 2019-இல் அங்கேயே புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோவில் ஆறு வயதுச் சிறுமி பள்ளியில் உதைத்தாள் என்று கையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அந்த அதிகாரியின் வேலை போயிற்று, சிறுமிமீதான வழக்கும் கைவிடப்பட்டது. அதற்கப்புறம்தான் புளோரிடா 2021-இல் ஏழு வயதுக்குக் கீழே கைது செய்ய முடியாதபடி சட்டம் போட்டது, அதிலும் கடுமையான வன்முறைக் குற்றத்துக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் வர வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. பிள்ளை காணாமல் போனால், கையில் ஆயுதம் இருந்தால், ஒரு பெரியவர் தன்னை என்னவோ செய்கிறார் என்று பிள்ளை சொன்னால். இந்தக் கடைசி ஒன்றில் பல பள்ளிகள் எங்களைக் கூப்பிடத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். இந்தியாவில், பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். நாற்காலி விழுந்ததும் வரும் போன் இதற்கு ஏன் வருவதில்லை என்று என் மனசு பலமுறை கொதித்திருக்கிறது.

மெல்ல நட:

சிறப்புக் கல்வி ஆசிரியை நான். முதலில் மழைக்காலத்துக்கு. உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம். நான்கு பேரை அடித்த வரைக்கும் பள்ளி சும்மா இருந்தது, தப்பு அங்கே இருக்கிறது. ஐந்தாவது தடவை போலீஸ் வந்திருந்தாலும் ஆறாவது தடவையை அவர்கள் தடுத்திருக்க முடியாது, அந்தப் பையன் எந்த நேரத்தில் எதனால் எறிகிறான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே அதற்கு என்ன கிடைத்தது, இந்த மூன்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு வழி புலப்படும். எப்போதும் மதியத்துக்கு முன்னால், எப்போதும் சத்தம் கூடும்போது, எப்போதும் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும்போது. சில பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருந்திருக்கிறது, சிலருக்கு ஆட்டிசம், சிலருக்கு வெறும் தூக்கக் குறைவு.

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே ஒன்று என் கண்ணில் பட்டது. அவன் முடிக்கவில்லை, தாள் கிழிந்தது. வீட்டிலும் பாதியில் நிறுத்தச் சொன்னால் இப்படித்தானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு தடவையும் ஒரு நிமிஷம் முன்னால் ஒரு தடவையும் அவனிடம் சொல்ல வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள ஓர் இடமும் காட்ட வேண்டும். வெறி ஏறிய பிறகு "ஏன் இப்படிப் பண்றே" என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவனுக்கே தெரியாது. படுக்கை நனைப்பது நான்கைந்து வாரத்தில் நிற்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்ட மட்டும் வேண்டாம்.

இரண்டாம் வகுப்பு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மழைக்காலம், உங்கள் மகளைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பையனின் பெட்டி யார்மீது வேண்டுமானாலும் பட்டிருக்கலாம்.

இன்று பள்ளிக்குப் போனேன். காக்கி ஐயா சொன்னபடி நிலையத்திலும் கேட்டேன், வந்து போனதாக ஒரு வரி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள், அவன் பெயர்கூட இல்லை. தலைமையாசிரியர் முதலில் பிடிகொடுக்கவில்லை. இனிமேல் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய போலீஸ் கூடாது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார். எதிர்பாராதது டீச்சர்தான். நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் தானே எழுதுவதாகச் சொன்னார். போலீசைக் கூப்பிட்டது அவர் இல்லையாம், அவருக்கும் பிடிக்கவில்லையாம்.

கிளம்பும்போது அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தந்தார், பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவனிடம் கொடுத்தேன். ஒரு யானை, மூன்று கால்தான் போட்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய் நாலாவது காலை வரைந்துகொண்டிருக்கிறான்.