கோமோ ஏரியில் இருவருக்கு ஒரு நாள்: எந்தப் படகு, எந்த ஊர்கள்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் எங்கள் 25ஆம் திருமண நாளையொட்டி நானும் என் மனைவியும் இத்தாலிக்குச் செல்கிறோம். மிலானில் தங்கும் நான்கு நாட்களில் ஒரு நாளை முழுவதுமாகக் கோமோ ஏரிக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். நான் படித்த பயணத் திட்டங்களெல்லாம் கோமோ நகரம், பெல்லாஜோ, மெனாஜோ, லென்னோ, வரென்னா என்று ஐந்து ஊர்களை ஒரே நாளுக்குள் அடுக்குகின்றன. எங்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம். தண்ணீரின் மேல் நிதானமாகச் சென்று, பிடித்த துறையில் இறங்கி, சற்று நடந்து, மறுபடியும் படகேற வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது நல்லது? எல்லாரும் ஏறும் பயணிகள் படகில் செல்வதா, நாங்களே ஒரு படகை வாடகைக்கு எடுப்பதா? என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், படிக்கட்டுகள்தான் சிரமம். இதையும் மனத்தில் கொண்டு, சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

உங்கள் இருவருக்கும் திருமண நாள் வாழ்த்துகள். நான் அந்த ஏரிக்கு மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை நீங்கள் தவிர்க்க நினைக்கும் அதே ஓட்டத்தில் சிக்கி, ஐந்து ஊர்களின் படகுத்துறைகளைத் தவிர வேறொன்றும் நினைவில் தங்காமல் திரும்பினேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோமோ ஏரி தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம் கொண்டது. தெற்கு நோக்கிப் பிரியும் இரண்டு கிளைகளில் மேற்குக் கிளையின் நுனியில் கோமோ நகரமும், கிழக்குக் கிளையின் நுனியில் லெக்கோவும் இருக்கின்றன. கிளைகள் பிரியும் கவட்டில் பெல்லாஜோவும், அதற்குக் கிழக்கே எதிர்க்கரையில் வரென்னாவும், மேற்கே மெனாஜோவும் கடெனாபியாவும் அமைந்துள்ளன. நீங்கள் பார்க்க விரும்பும் அழகெல்லாம் இந்த நடு ஏரிப் பகுதியில்தான் குவிந்திருக்கிறது. கோமோ நகரிலிருந்து மெதுவான படகில் பெல்லாஜோ வந்து சேரவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். வரென்னாவிலிருந்தோ கால் மணி நேரம்தான். ஆகவே ஒரு நாள் மட்டுமே கையில் இருப்பவர்கள் கோமோ நகரத்தை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

மிலான் மத்திய நிலையத்திலிருந்து வரென்னாவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். லெக்கோவைக் கடந்ததும் ஏரி இடப்பக்கம் தொடர்ந்து வரும் என்பதால் இடப்பக்க இருக்கையில் அமருங்கள். நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிடம் இறக்கத்தில் நடந்தால் போதும்.

ஆனால் வரென்னாவைக் காலையிலேயே பார்த்துவிடாதீர்கள். அது கிழக்குக் கரையில் இருப்பதால், மாலையில் எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை ஏரிக்கு மேலாகப் பார்க்கும் பேறு அந்த ஊருக்கு உண்டு. காலையில் இறங்கியவுடன் படகேறி மேற்குக் கரைக்குச் சென்றுவிடுங்கள்; பிற்பகலில் பெல்லாஜோ; நான்கு மணிக்கு மேல் வரென்னா. படகுத்துறையிலிருந்து ஊருக்குள் செல்லப் பாறையோரமாகத் தண்ணீருக்கு மேலேயே ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். காதலர் நடைபாதை என்பதே அதன் பெயர். பகல் கூட்டம் வடிந்த பிறகு இருவருமாக அதில் நடந்தால், அந்த நாளில் வேறெதுவும் பார்க்காவிட்டாலும் குறையிருக்காது. சற்று முன்னதாகவே வந்துவிட்டால், ஏரியோரமாக நீண்டு செல்லும் வில்லா மோனஸ்தெரோ தோட்டத்துக்கும் செல்லுங்கள். ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த அந்த மாளிகையில்தான் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 1954 கோடையில் விரிவுரையாற்றினார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன வரிசையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் படகைப் பொறுத்தவரை, சிறிது நேரமாவது தனிப்படகில் செல்லுங்கள் என்பேன். மேற்குக் கரையின் மாளிகைகள் ஏரியிலிருந்து வரும் விருந்தினரை எதிர்நோக்கிக் கட்டப்பட்டவை. முகப்பும் அலங்காரப் படிகளும் தண்ணீரைப் பார்த்திருக்க, சாலையிலிருந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் மதிற்சுவர்தான் தெரியும். பயணிகள் படகு துறைக்குத் துறை நேராகச் சென்றுவிடும். சிறிய படகில்தான் கரையை ஒட்டி மெல்லச் சென்று, பிடித்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதக்க முடியும்.

இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையிலான படகை உரிமம் இல்லாமலேயே ஓட்டலாம். அனுபவம் இல்லையென்றால் ஓட்டுநருடன் எடுப்பதே மேல். எப்படியானாலும் முற்பகலில் எடுத்துவிடுங்கள். நல்ல வெயில் நாட்களில் மலைச்சரிவுகள் சூடேறிக் காற்று மேலெழும்ப, அதை நிரப்பத் தெற்குச் சமவெளியிலிருந்து ப்ரேவா என்னும் காற்று நண்பகல் வாக்கில் ஏரிமேல் வீசத் தொடங்கும். பயணிகள் படகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான்கு பேர் அமரும் படகுக்கு அந்த அலை நன்றாகவே தெரியும். காலையில் வடக்கிலிருந்து வரும் திவானோ பொதுவாக அதைவிட மென்மையானது.

தனிப்படகு எடுத்தால் லென்னோவுக்கு அருகிலுள்ள வில்லா தெல் பால்பியனெல்லோவைத் தண்ணீரிலிருந்து பார்க்கத் தவறாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கர்தினால் துரினி எழுப்பிய அந்த மாளிகை, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் நிற்கிறது. கடைசி உரிமையாளரான குயிதோ மொன்சினோ, 1973இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவைத் தலைமையேற்று நடத்தியவர். 1988இல் அவர் இறந்தபோது மாளிகையை நாட்டின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அந்தத் தோட்டத்திலேயே, பழைய பனிக்கட்டிக் கிடங்கில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

மூன்றாம் பதில்

பயணிகள் படகுகளில் ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். விரைவுப் படகுகளில் கூடுதல் கட்டணம் கட்டி, மூடிய அறைக்குள் கண்ணாடி வழியாகத்தான் ஏரியைப் பார்க்க வேண்டியிருக்கும். வரென்னா, பெல்லாஜோ, மெனாஜோ, கடெனாபியா ஆகிய நான்கு துறைகளுக்கிடையே கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகுகள் மெதுவானவை. ஆனால் திறந்த மேல்தளத்தில் நின்றுகொண்டே செல்லலாம். உங்கள் தேவைக்கு அவையே பொருத்தம். நடு ஏரிப் பகுதிக்கென்று தனி ஒருநாள் சீட்டும் உண்டு. மூன்று முறைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் அதன் விலையைத் துறையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரென்னாவை மாலைக்கு வைக்கும் யோசனை என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலையில் ஓட்டுநருடன் இரண்டு மணி நேரத்துக்குத் தனிப்படகு, அதன்பின் பயணிகள் படகு என்று முடிவு செய்திருக்கிறோம். பால்பியனெல்லோவில் இறங்கி உள்ளே செல்லலாமா, அல்லது கடெனாபியாவுக்கு அருகிலுள்ள வில்லா கார்லோட்டா மாளிகைக்கும் தோட்டத்துக்கும் செல்லலாமா? முழங்காலை நினைத்துத்தான் தயக்கம்.

முதல் பதில் எழுதியவர்

இரண்டிலும் படிகள் உண்டு. பால்பியனெல்லோ பாறை முனையில் இருப்பதால் படகுத்துறையிலிருந்தே ஏற்றம்தான். லென்னோவிலிருந்து நடந்து செல்லும் பாதையும் மேடும் பள்ளமுமானது. அதைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வில்லா கார்லோட்டாவின் வாயிலிலிருந்து மாளிகைக்கு அடுக்கடுக்கான மேடைகளைக் கடந்து படியேற வேண்டும். ஆனால் அங்குள்ள அசேலியாப் புதர்கள் ஏப்ரலிலும் மே முற்பகுதியிலும் ஆளுயரத்துக்கு மேல் பூத்து நிற்கும். நீங்கள் செல்வது மே முதல் வாரமானால், இடையிடையே அமர்ந்து அமர்ந்தாவது ஏறிப் பார்க்கத் தகுந்தது. மாதக் கடைசியானால் விட்டுவிடலாம்.

அப்படி விட்டால் அந்த நேரத்தை மெனாஜோவுக்குக் கொடுங்கள். அதன் ஏரிக்கரை நடைபாதை அகலமானது, சமமானது. அமர இருக்கைகளும் நிறைய உண்டு. பெல்லாஜோவில் எல்லாரும் படமெடுக்கும் படிக்கட்டுத் தெருக்களைக் கீழே நின்று பார்த்தால் போதும். கரையோரமாகவே தெற்கே பத்து நிமிடம் நடந்தால் வில்லா மெல்சியின் தோட்டம் வரும். நெப்போலியன் காலத்து இத்தாலியக் குடியரசின் துணைத் தலைவராக இருந்த ஃபிரான்செஸ்கோ மெல்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த இடம் அது. தண்ணீரோரப் பாதை பெரும்பாலும் சமதளமாகவே செல்வதால் உங்கள் மனைவிக்குச் சிரமம் இருக்காது. பிற்பகல் வெயிலுக்கு அங்குள்ள மர நிழல் இதமாக இருக்கும்.

இன்னொன்று. பெல்லாஜோவிலிருந்து மாலையில் வரென்னா திரும்பும் வரிசை நீளமாக இருக்கும். நான் ஒருமுறை கண்ணெதிரே இரண்டு படகுகளைத் தவறவிட்டேன். நினைத்த நேரத்துக்கு ஒரு படகு முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். வரென்னாவில் துறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு வருவது ஏற்றம் என்பதால், திரும்பும் ரயிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காகிதச் சீட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் அதை முத்திரையிட வேண்டும்.