வால்பாறை மலைப்பாதையில் இணையமின்றிப் பாட்டுக் கேட்க எந்தச் சந்தா?

மலைப்பாதை

அனைவருக்கும் வணக்கம். வால்பாறைக்கு அருகில் தோட்டப்பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் பொள்ளாச்சிக்கு இறங்கி, அம்மாவுடன் இரண்டு நாள் இருந்துவிட்டு, ஞாயிறன்று மீண்டும் மலை ஏறுவது என் வழக்கம். ஆழியாற்றுக்கு மேல் இருக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடங்களிலும் ஒரு பாடல் முடிவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுகிறது. ஆகவே பாடல்களைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு கேட்கும் வசதியுள்ள சந்தா ஒன்றை எடுக்க எண்ணியுள்ளேன்.

நான் பெரும்பாலும் கேட்பது நாகஸ்வரமும் பழைய கர்நாடக இசைக் கச்சேரிகளும். அம்மாவுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துத் திரைப்பாடல்கள். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி. 64 ஜிபியில் ஏறத்தாழ 12 ஜிபிதான் மீதமிருக்கிறது. குடியிருப்பில் வைஃபை கிடையாது; நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா மட்டுமே. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றில் எது பொருந்தும்? "பத்து கோடிப் பாடல்கள்" என்ற விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுக்க மனம் வரவில்லை.

தோடி ரசிகர்

வணக்கம் அம்மா. அந்தப் பத்து கோடியில் உங்களுக்கு வேண்டியது ஐந்நூறுகூட இராது. அந்த ஐந்நூறு இருக்கிறதா என்பதே கேள்வி. பணம் கட்டும் முன், நீங்களும் உங்கள் அம்மாவும் அடிக்கடி கேட்க விரும்பும் இருபது பதிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். "மதுரை மணி ஐயர்" என்று பொதுவாக எழுதாமல், இன்னாருடைய இன்ன ராகம், இன்ன கீர்த்தனை என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு செயலியிலும் இலவசக் கணக்கிலோ சோதனைக் காலத்திலோ தேடிப் பாருங்கள்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. கர்நாடக இசையில் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தோடி, கல்யாணி போன்ற ராகப் பெயர்களுக்கே இரண்டு மூன்று எழுத்துமுறைகள் உண்டு. தியாகராஜர் பெயரில் ஓர் எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ வேறு பட்டியல் வருகிறது. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடி "இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று விதமாகவாவது எழுதிப் பார்க்க வேண்டும். திரைப்பாடல்களில் சிக்கல் வேறு வகையானது: மூலப் பதிவின் பெயரிலேயே வேறொருவர் பாடியதும், பழைய குரலுக்குப் பின்னால் புதிய தாளத்தைச் சேர்த்ததும் கலந்து கிடக்கின்றன. உங்கள் அம்மா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார், நாம்தான் ஏமாறுவோம்.

ஒரு நிறுவனத்திடம் இன்று இருப்பது நாளையும் இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் பழைய சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் சரிகமா நிறுவனத்துடன் உரிமம் குறித்து உடன்பாடு ஏற்படாததால், சில மாதங்களுக்குள்ளாகவே அந்தப் பாடல்கள் அதிலிருந்து நீக்கப்பட்டு, 2020இல்தான் திரும்பி வந்தன. உங்கள் அம்மா கேட்கும் காலத்துப் பாடல்களில் பெரும்பங்கு அந்தச் சேமிப்பில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

என்னுடைய சாய்வு யூடியூப் பக்கம். முறையான ஆல்பமாக வெளிவராத கச்சேரிப் பதிவுகள், ரசிகர்கள் ஏற்றிய வானொலிப் பதிவுகள் போன்றவை அங்கேதான் அதிகம். ஆனால் இரண்டு சந்தாக்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மியூசிக் பிரீமியம் என்பது யூடியூப் மியூசிக் செயலிக்கு மட்டும் உரியது. வழக்கமான யூடியூப் செயலியில் மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்றை இறக்கி, திரையை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டுமானால் யூடியூப் பிரீமியம் வேண்டும். அதில் மியூசிக்கும் அடங்கும்.

கணக்குப்பிள்ளை

இடத்தையும் டேட்டாவையும் பற்றி நான் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபையில் தரத்தை 96, 160, 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்று தேர்ந்தெடுக்கலாம். 320 என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி, 160 என்றால் 1.2 எம்பி. ஐந்து நிமிடப் பாடல்கள் முந்நூறு, அதாவது 1,500 நிமிடங்கள், உயர்ந்த தரத்தில் 3.6 ஜிபியையும் நடுத்தரத்தில் 1.8 ஜிபியையும் எடுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரக் கச்சேரி நடுத்தரத்தில் 216 எம்பி. உங்களிடம் உள்ள 12 ஜிபியே போதுமானது, நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா இருக்க, பள்ளி வேலைக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு இரவில் சிறிது சிறிதாக இறக்கினால் மூன்று நான்கு நாள்களில் முடிந்துவிடும். வைஃபையில் மட்டுமே இறக்கும்படி செயலியில் முன்கூட்டியே அமைத்திருப்பார்கள். அதை நீங்களே மாற்றினால் ஒழிய எதுவும் இறங்காது. பொள்ளாச்சியில் வைஃபை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. கைப்பேசியில் மெமரி கார்டு போட இடமிருந்தால் அதிலும் சேமிக்கலாம்.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் இழப்பற்ற தரத்தை (ஒலி விவரம் எதையும் இழக்காமல் சுருக்கும் முறை) கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆண்ட்ராய்டிலும் அது இயங்கும். ஆனால் அதற்காக மட்டும் அங்கே போக வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் ஒலியை மீண்டும் சுருக்கித்தான் காதுக்குக் கொண்டு வருகிறது. அதோடு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் பேருந்தின் சத்தத்தில், 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்த நாகஸ்வரத்தை எவ்வளவு நுட்பமான தரத்தில் வைத்தாலும் தட்டின் கீறல்தான் கூடுதலாகக் கேட்கும்.

மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும் இறக்கிய பாடல்களைத் தொடர்ந்து கேட்க 30 நாள்களுக்கு ஒரு முறையாவது இணையத்துடன் இணையச் சொல்கின்றன. வாரந்தோறும் கீழே இறங்கும் உங்களுக்கு அது தடையாகாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாடல்கள், ஐந்து கருவிகள் வரை என்பது வரம்பு. யாருக்கும் அது குறையாது. மலிவான சிறு திட்டங்களில் பதிவிறக்கமே இல்லாமலோ குறைந்த எண்ணிக்கையிலோ இருக்கலாம் என்பதால், கட்டணத்துக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

கச்சேரி கேட்பவருக்கு இன்னும் ஒன்று: பழைய தட்டுகளில் ஆலாபனை (முதலில் வரும் ராக விரிவு), கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் (பின்னால் வரும் தாள வாத்தியப் பகுதி) ஆகியவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக வெட்டியிருப்பார்கள். கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியையும், ஒரு பகுதியின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணைத்து வையுங்கள். இல்லையென்றால் தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு ஆலாபனை வரும்.

பழைய இசைத்தட்டு

மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சந்தாவில் "பதிவிறக்கம்" என்று சொல்லப்படுவது வாடகை வீட்டுச் சாவி போன்றது என்பதை யாரும் எழுதவில்லை. கோப்பு பூட்டப்பட்டிருக்கும், வேறு செயலியில் திறக்காது, பென்டிரைவுக்கு நகலெடுக்க முடியாது, சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். நிறுவனமே மூடிக்கொள்வதும் உண்டு: கூகுள் பிளே மியூசிக் 2020இல் போனது, ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது, அதே ஆண்டில் ஏர்டெலின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. நானும் ஒரு சேவையில் ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியல்களை இழந்தேன். பாடல்கள் போனதைவிட, எந்தப் பாடலுக்குப் பின் எதை வைத்தேன் என்ற வரிசை போனதுதான் வலித்தது. இப்போது பட்டியலை ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

நாகஸ்வரப் பிரியருக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்தான். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தவர். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. அவற்றைச் சாதாரணக் கோப்பாகவே மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவின் திரைப்பாடல்களுக்கு இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி, அது படைத்தவரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

மலைப்பாதை

மூவருக்கும் நன்றி ஐயா. இருபது பதிவுகளை எழுதித் தேடினேன்; ஒரு செயலியில் 12, மற்றொன்றில் 13, யூடியூப் மியூசிக்கில் 17 கிடைத்தன. அம்மாவின் எட்டில் எட்டும் மூன்றிலும் இருந்தன. விடுபட்டவை எல்லாம் என்னுடைய கச்சேரிகளே. எனவே யூடியூப் பிரீமியத்தை முதலில் ஒரு மாதம் மட்டும் எடுக்கிறேன். அம்மா பொள்ளாச்சியிலும் நான் இங்கும் இருப்பதால் குடும்பத் திட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

கணக்குப்பிள்ளை

பொருந்தாது அம்மா. குடும்பத் திட்டத்தில் சேர்பவர்கள் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது யூடியூப்பில் உள்ள நிபந்தனை. அம்மாவின் கைப்பேசிக்கு வீட்டில் இணையம் இருக்கும்போது இலவசச் செயலியே போதும். மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும்படி அமைத்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரும்; வேண்டாமென்றால் அப்போதே நிறுத்திவிடலாம். வெள்ளிக்கிழமை பேருந்து ஏறும் முன், ஏரோபிளேன் மோடில் போட்டு ஐந்து பாடல்களையாவது ஓடவிட்டுப் பாருங்கள்.