இரண்டு முறை சாட்சி சொன்னவன்

தேரிக்காடு:

எதிலிருந்து, எப்படி விடுதலை கிடைத்தது என்று நம் விசுவாசிகள் குழுவில் எல்லாரையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் குடியிலிருந்து. நான் அதை எங்கள் சபைக்கு முன்னால் சாட்சியாக இரண்டு முறை சொன்னவன். முதல் முறை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். விழுங்கிய அந்தப் பாதி என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் எனக்கு ஒரு கடை. கிணற்று மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவேன். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் பள்ளங்களில் தாள் வைத்து, செப்புக் கம்பியை நாலைந்தாகச் சேர்த்து மெல்ல இறக்க வேண்டும். கம்பியின் மேல்பூச்சு ஓரத்தில் லேசாக உரசினாலும் போதும், ஒரு மாதத்தில் மோட்டார் எரிந்து திரும்பி வரும். நடுங்குகிற கையோடு செய்கிற வேலை இல்லை அது. என் கையோ காலையில் இரண்டு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கும். மதுக்கடை திறக்கும்வரை பொறுக்க முடியாது என்பதால் முந்தின இரவே கொஞ்சம் மிச்சம் பிடித்து வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பேன். தலைவலிக்கு எல்லாரும் வார்னிஷ் வாடையைக் குறை சொல்வார்கள். எனக்கு அந்த வாடை பெரிய உபகாரி.

2009 மே மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. இரண்டாம் நாள் முன்னால் போய் முழங்காலிட்டு அழுதேன். அது நிஜமான அழுகை, இன்றைக்கும் அதைச் சந்தேகப்பட மாட்டேன். வீட்டுக்கு வந்து, இருந்த பாட்டிலைத் தென்னை மூட்டில் கவிழ்த்தேன். மூன்றாம் நாள் இரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. படுக்கையிலும் எறும்பு, அம்மாவின் முகத்திலும் எறும்பு. சாத்தான் போராடுகிறான் என்று வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டு வந்து பார்த்தவர், “ஜெபத்தை ஆட்டோவில் செய்துகொள்ளலாம், முதலில் இவனை ஏற்றுங்கள்” என்றார்.

பல வருடம் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வைட்டமின் பி1 ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து என்று நாலு நாள். எறும்புகள் போய்விட்டன.

அடுத்த மாதம் உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நம்முடைய சாட்சிகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். முதலில் இருட்டு, பிறகு ஒரு கூட்டம், பிறகு வெளிச்சம். நானும் அதே வரிசையில் சொன்னேன். எறும்பைச் சொன்னேன், ஜெபத்தைச் சொன்னேன். ஆட்டோவையும் ஊசியையும் சொல்லவில்லை. யாரும் மறைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் மறைத்தேன். டாக்டருக்குப் பங்கு கொடுத்தால் கர்த்தருடைய மகிமை குறைந்துவிடும் என்று ஒரு கணக்கு. “அல்லேலூயா” சத்தம் பந்தலைத் தூக்கியது. அதற்குப் பிறகு மூன்று சபைகளில் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள். மூன்றாவது சபையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

சால்வைக்குப் பதினொரு நாள் கழித்து மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் குடித்தேன்.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கு முன்னால் நான் ஊரறிந்த குடிகாரன். தள்ளாடினால் ஒருவர் திட்டுவார், ஒருவர் கையைப் பிடித்து வீட்டில் விடுவார். இப்போதோ நான் விடுவிக்கப்பட்டவன். விடுவிக்கப்பட்டவன் எப்படித் தள்ளாடுவது? 14 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்க் குடித்துவிட்டு, கிராம்பை மென்றுகொண்டு கடைசி பஸ்ஸில் வருவேன். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாத்திரம் வருவதற்குள் வெளியேறிவிடுவேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பானம்பண்ணுகிறவனைப் பற்றி பைபிளில் பவுல் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கிய பையன் நான். இப்படியே இரண்டரை வருடம். பகிரங்கமாகக் குடித்த பதினைந்து வருடத்தைவிட இந்த இரண்டரை வருடம்தான் என்னை அதிகமாக அரித்தது.

2012இல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், எங்கள் சபைகள் அடங்கிய சேகரத்துக்குப் புதிதாக ஒரு குருவானவர் வந்தார், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் குடியிருந்த குருமனைக் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அவரே அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் கம்பி இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை ஆடியது. ஒரு சுற்றை மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தேன். அவர் குரலை உயர்த்தாமல், “அண்ணாச்சி, காலையில் எத்தனை மணிக்கு முதலில் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

குடிக்கிறாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல வழியில்லை. “ஐந்தரைக்கு, ஐயா” என்றேன். சொன்னதும் கம்பி கையிலிருந்து விழுந்தது.

தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். “மோட்டாரை முடியுங்கள், குருமனையில் தண்ணீர் இல்லை” என்றார். முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார். இந்த முறை மருந்தோடு, படிப்படியாக நிறுத்தினேன். பிறகு, குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அனுப்பினார். அங்கே எனக்கு முதலில் ஒட்டவில்லை. ‘நாங்கள் அறிந்தபடியான கடவுள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களே, இயேசுவின் பேரைச் சொல்லக் கூடாதா என்று முறுக்கிக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் அவருடைய கடவுளிடம் கேட்டார், நான் என்னுடையவரிடம் கேட்டேன். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது அது. இரண்டு பேரும் குடியில் அழிந்தவர்கள், ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தின் வழியாகச் சந்தித்தவர்கள். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் குற்றங்களை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டு ஒப்புக்கொள்வது. இதையேதான் பைபிளில் யாக்கோபும் எழுதியிருக்கிறார், நீங்கள் சொஸ்தமடையும்படிக்குக் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று. நாமோ ஒருவருக்கொருவர் வெற்றியை மட்டும் அறிக்கையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆறு மாதம் கழித்து, சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, “முன்பு நான் சொன்னது பாதிதான்” என்று ஆரம்பித்தேன். ஊசி, ஆட்டோ, சால்வை, கல்யாண வீடு, கிராம்பு, அனானிமஸ் கூட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு “ஆமென்” கூட வரவில்லை. பழைய உபதேசியார் இருமினார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அது என் கையால் காயில் கட்டிய விசிறி என்பது வேறு நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் பாடகர் குழுவில் பாடுகிறவர் ஒருவர் மிக்ஸியோடு வந்தார். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. “சத்தம் வருகிறது” என்றார். சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக, “அந்தக் கூட்டம் எந்தக் கிழமை நடக்கிறது, அண்ணாச்சி?” என்றார். அந்த வாரத்தில் மட்டும் பழுதே இல்லாத மூன்று சாமான்கள் என் கடைக்கு வந்தன.

சூரைச்செடி:

தேரிக்காடு அண்ணனுக்கு. என்னுடையது குடி இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எட்டு மாதம் நான் சிரிக்கவில்லை. பிள்ளை அழுதால் எழுந்து பால் கொடுப்பேன், பிறகு சுவரைப் பார்த்தபடி படுப்பேன். சாகவேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஜெபித்த அம்மாமார் விசுவாசக் குறைவு என்றார்கள். ஒருவர், மன்னிக்கப்படாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். ஆராய்ந்தேன். ஆராய ஆராய இன்னும் கீழே போனேன்.

என் பெரியம்மா ஒரு நாள் வந்து, பைபிளில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்தார். தீர்க்கதரிசி எலியா, பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தின் தீர்க்கதரிசிகளையெல்லாம் ஜெயித்த கொஞ்ச நாளிலேயே வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. “தீர்க்கதரிசிக்கே முதலில் சாப்பாடும் தூக்கமும்தான் கொடுத்திருக்கிறார், உனக்கு மட்டும் எதற்கடி விசாரணை?” என்றார் பெரியம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். பதினான்கு மாதம் மாத்திரை எடுத்தேன். அத்தனை மாதமும் வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா அடை சுட்டுக் கொண்டுவந்தார், முருங்கைக்கீரை போட்டு. பைபிளில் உள்ள அடைக்கும் நம் அடைக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

கலங்கரை:

மன்னிக்க வேண்டும், ஒரு மாற்றுக் கருத்து. என் அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர். 1987இல் ஒரு கூட்டத்திலிருந்து வரும் வழியில் கட்டோடு பீடியை வாய்க்காலில் எறிந்தார். சாகும்வரை தொடவில்லை. மாத்திரையும் இல்லை, அனானிமஸ் கூட்டமும் இல்லை. ஆண்டவரால் ஒரே நாளில் முடியாது என்பதுபோல எழுதுவது, தேடி வருகிறவர்களின் நம்பிக்கையைக் குலைக்காதா?

தேரிக்காடு:

கலங்கரை தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததை நான் நம்புகிறேன், சந்தோஷமும் படுகிறேன். முடியாது என்று நான் எங்கும் எழுதவில்லை. எனக்கு அப்படி நடக்கவில்லை, நடந்ததாகக் காட்டிக்கொண்டேன். அதுதான் நான் சொல்ல வந்தது. இன்னொன்று, பீடியை வாய்க்காலில் எறிந்தால் வலிப்பு வராது. காலையில் கை நடுங்குகிறவர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நான் தென்னை மூட்டில் செய்ததைச் செய்யாதீர்கள். முதலில் டாக்டர். ஆட்டோவில் ஜெபித்துக்கொள்ளலாம்.

சூரைச்செடி தங்கைக்கு, பெரியம்மா இன்னும் இருக்கிறார்களா?

சூரைச்செடி:

இருக்கிறார்கள் அண்ணா. பல் இல்லை, அதனால் இப்போது அடையை நான் பிய்த்துக் கொடுக்கிறேன்.

மழைக்கால விறகு:

எல்லாரும் விடுபட்டவர்களின் கதையைத்தான் எழுதுகிறீர்கள். என் கணவர் இன்னும் குடிக்கிறார். எத்தனை உபவாசம், எத்தனை பொருத்தனை, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தேரிக்காடு அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இரண்டு முறை சாட்சி சொன்னீர்கள். மதினி என்ன சொன்னார்கள்?

தேரிக்காடு:

தங்கை, நியாயமான கேள்வி. என் கதையில் அவளுக்கு நான் இடமே கொடுக்கவில்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

முதல் சாட்சிக்கு அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கல்யாணப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. இரண்டாவது தடவை கூப்பிட்டேன், வரவில்லை. “நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்ததுதானே” என்றாள். கிராம்பு வாசனை வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டரை வருடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சால்வை போர்த்தின மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல?” என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச யாரும் இருக்கவில்லை. குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனான் என்று தனியாகக் கூட்டம் இருக்கிறது. கணவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவருக்காகப் போக வேண்டாம், உங்களுக்காகப் போங்கள்.

நான் குடித்து 12 வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் சபையில் திருவிருந்துக்கு உலர்திராட்சையைக் காய்ச்சிய ரசம்தான், பயமில்லை. மகன் ஊருக்குப் போனால் அங்குள்ள சபையில் விசாரித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் காபி கொண்டுவருவாள். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது தேவையைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிவாள். எதற்கு என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானும் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், “சர்க்கரை சரியாக இருக்கிறது” என்று மூச்சு முழுவதையும் விட்டுச் சொல்வேன், குடித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே.