சிப்பிக் காளான் கலப்பு: 15 ஜோடியில் 4-ல்தான் கிளாம்ப்

கேள்வி (தஞ்சாவூர்):
ஒரே காளானின் ஸ்போரிலிருந்து (விதை மாதிரியான நுண்தூள்) 6 ஒற்றை ஸ்போர் வளர்ப்பு (ஒவ்வொண்ணும் ஒரே ஸ்போரிலிருந்து வளர்ந்த இழை) எடுத்து, பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு அகர்) தட்டில் 15 ஜோடியும் போட்டாச்சு. 25 டிகிரி, 10 நாள். 1×4, 2×4, 5×4, 3×6 மட்டும் முழுக் கிளாம்ப் (ரெண்டும் சேர்ந்ததுக்கு அடையாளமா இழையின் குறுக்குச் சுவர்கிட்ட வர்ற வளைஞ்ச புடைப்பு). 1×6, 2×6, 5×6, 3×4-ல் கிளாம்பா மாற வேண்டிய கொக்கி முளைச்சு பாதியிலேயே நிக்குது. மீதி 7-ல் எதுவுமே இல்லை. ஸ்போர் பழசாயிடுச்சா?

பதில் (கும்பகோணம்):
ஸ்போர் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரே காளானின் பிள்ளைகளுக்குள்ள கால்வாசிதான் சேரும். 15-க்கு 4 சரியான கணக்கு. சேருமா சேராதான்னு தீர்மானிக்கிற ஏ, பி-ன்னு ரெண்டு மரபு இடம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இங்கே 1, 2-ன்னு ரெண்டு வடிவம்; ரெண்டுமே வேறா இருந்தாத்தான் கலப்பு முழுமை. ஏ வேற, பி ஒண்ணுன்னா கொக்கி வளரும், ஆனா பின்னாடி இருக்கிற செல்லோட ஒட்டாது. அதுதான் உங்க பாதிக் கொக்கி. ஏ ஒண்ணாயிட்டா கொக்கியே வராது.

உங்க முடிவை வச்சே வகை பிரிக்கலாம். 1, 2, 5 ஒரே வகை: ஏ1பி1. 4 ஏ2பி2. 3 ஏ1பி2, 6 ஏ2பி1. நாலு வகையும் 6 வளர்ப்பிலேயே கிடைச்சது அதிர்ஷ்டம். 1, 3, 4, 6-ஐ சோதனை வளர்ப்பா (வகை தெரியாததோட ஜோடி போட்டுப் பார்க்க) பத்திரப்படுத்துங்க.

பதில் (திருவாரூர்):
ஒண்ணு சேர்க்கிறேன். தட்டில் ஜோடியா வச்ச ரெண்டு வளர்ப்புத் துண்டும் சந்திக்கிற கோட்டில் இழை எடுக்காதீங்க, ஓர விளிம்பில் எடுங்க. லாக்டோபீனால் காட்டன் ப்ளூ சாயம் போட்டு நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தா, குறுக்குச் சுவரை ஒட்டி முழங்கை மடக்கின மாதிரி புடைப்பு தெரியும். ஜோடி போடும் முன்னாடியே தனி வளர்ப்பில் அது இருந்தா, ரெண்டு ஸ்போர் ஒட்டி வந்திருக்கு; தூக்கிப் போடுங்க.

புது ரகம்தான் நோக்கம்னா உடன்பிறப்புக் கலப்பு வேண்டாம். தொடர்பில்லாத வேற ரகத்தோட போடுங்க, அநேகமா எல்லா ஜோடியும் சேரும். கிளாம்ப் வந்துட்டா மகசூல் வரும்னு அர்த்தமில்லை. சோளத்தில் காளான் விதை (இழை படர்ந்த தானியம்) தயாரிச்சு வைக்கோல் பையில் போட்டுப் பார்க்கணும்.

கேள்வி (மன்னார்குடி):
வைக்கோல் காளானுக்கும் இதே முறையா சார்?

பதில் (கும்பகோணம்):
இல்லைங்க. அதில் கிளாம்பே கிடையாது, தேடி ஏமாறாதீங்க. பல ஒற்றை ஸ்போர் வளர்ப்பு ஜோடியில்லாமலே காய்க்கும், அதனால கலப்பு ஆச்சான்னு மரபணுக் குறியீடு வச்சுத்தான் சொல்ல முடியும். வளர்ப்பை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க, 4 டிகிரியில் செத்துப்போகும்.